நன்றிக்குக் கோவை இல்லை

அரச கந்தோர் ஒன்றின் உள்வரும் கடிதப் பதிவேட்டைக் கொஞ்ச நாள் வைத்திருந்தால் போதும், மனிதர்கள் எதற்காகப் பேனை தூக்குகிறார்கள் என்பது விளங்கிவிடும். வீட்டுத்திட்டப் பட்டியலில் பெயர் விடுபட்டுப் போயிற்று. பக்கத்து வளவுக்காரர் வேலியைத் தள்ளிப் போட்டிருக்கிறார். சமுர்த்தி என்ற அரச உதவிப் பணம் வெட்டுப்பட்டுவிட்டது. வடிகான் அடைத்துக் கிடக்கிறது, போன மாதமும் எழுதினேன், பதில் இல்லை. மட்டக்களப்பு மாவட்டத்தின் பிரதேச செயலகங்களில் லிகிதராக, அதாவது எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது அந்த வேலைக்கு முகாமைத்துவ உதவியாளர் என்று பெரிய பெயர், வேலை என்னவோ அதேதான். வேண்டுகோள், முறைப்பாடு, ஞாபகமூட்டல் என்ற மூன்றுக்குள் அடங்காத கடிதம் எப்போதாவதுதான் வரும். வந்தால் கந்தோரே கொஞ்சம் தடுமாறும்.

அப்படி ஒன்று அம்பாறைப் பக்கத்திலிருந்து வந்தது. எழுதியவர் ஓர் ஆசிரியரின் மனைவி. கணவர் இறந்த பிறகு விதவைகள் ஓய்வூதியத்துக்காக எங்கள் கந்தோருக்கு வந்தபோது, படிவத்தில் எந்த இடத்தில் ஒப்பம் வைப்பது என்று தெரியாமல் நின்றவரை எங்களில் ஒருவர் கதிரையில் இருத்தி, தண்ணீர் கொடுத்து, ஒவ்வொரு கட்டமாக நிரப்பிக் கொடுத்திருக்கிறார். அதற்கு நன்றி சொல்லி ஒரு பக்கக் கடிதம். அரச கந்தோரில் எந்தக் கடிதமும் ஏதாவதொரு கோவைக்குள் போயாக வேண்டும். (இந்தியத் தமிழர்களுக்கு ஒரு குறிப்பு: கோவை என்று நாங்கள் சொல்வது பைலை, ஊரை இல்லை.) இலக்கம் போட வேண்டும், என்ன நடவடிக்கை எடுத்தோம் என்று ஓரத்தில் எழுத வேண்டும். இந்தக் கடிதத்துக்கு நடவடிக்கையும் இல்லை, கோவையும் இல்லை. மேசைக்கு மேசை போய் வந்தது. "பல்வகை" என்று எழுதிய கோவைக்குள் போடச் சொன்னார் ஒருவர். பிரதம லிகிதர் வாசித்துப் பார்த்துவிட்டு, "தண்டனைக் கடிதமெல்லாம் போடுற இடத்தில இதுவும் ஒண்டு கிடக்கட்டுமே" என்று சொல்லி, அந்த உத்தியோகத்தரின் தனிப்பட்ட கோவையில் கோத்துவிட்டார். தனிப்பட்ட கோவை என்பது ஒருவருடைய நியமனம், லீவு, சம்பள ஏற்றம், விளக்கம் கேட்ட கடிதம் எல்லாம் ஓய்வு வரைக்கும் கூடவே வருகிற கட்டு. அதற்குள் ஒருவர் செய்த நல்லதைச் சொல்லும் தாள் எவ்வளவு அரிது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

நன்றியில்லாத சனங்கள் என்று எங்கள் ஊராட்களை யாரும் சொல்ல முடியாது. எங்களிடம் நன்றி பொருளாகப் போகும், பொருளாக வரும். அறுவடை முடிந்ததும் முதல் நெல்லைக் குற்றிப் புதிர் எடுப்பார்கள், அந்தப் புது அரிசியில் ஒரு பங்கு, வருத்தத்தில் படுத்தபோது ஓடி வந்தவர்களின் வீட்டுக்குப் போகும். வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரையிலிருந்து யாராவது வந்தால் கையில் எருமைத் தயிர் முட்டி இருக்கும். வாவியில் நல்ல இறால் பட்டால் ஒரு பை தனியாகக் கட்டி வைக்கப்படும். சைக்கிள் பின் கரியரில் தொங்கிக்கொண்டு வருகிற முருங்கைக்காய்க் கட்டுக்குக்கூட ஒரு பழைய கதை இருக்கும். வாயால் நன்றி சொல்வது இந்த ஏற்பாட்டில் கிட்டத்தட்ட மரியாதைக் குறைவு. என் மூத்தக்காவுக்கு, என் பிள்ளைப்பேற்றுக்கு வந்து நின்று சரக்கரைத்துக் கறியாக்கித் தந்ததற்காக நான் கடிதம் எழுதினால், "என்ன கா, என்னைப் பிறத்தியாளாக்கிப் போட்டாயா?" என்று கேட்பாள். கேட்பதும் நியாயம்தான். அக்காவுக்கும் எனக்கும் நடுவில் ஒரு கொடுக்கல் வாங்கல் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதில் ஒரு கோடு கிழித்துக் கணக்கை முடிக்க எங்களில் ஒருவருக்கும் விருப்பம் இல்லை.

ஆனால் தயிர் முட்டி எதற்காக வந்தது என்பதை அது சொல்லாது. வாங்கியவரும் கேட்க மாட்டார். அதோடு, முட்டி போய்ச் சேரும் தூரத்துக்கு ஓர் எல்லை இருக்கிறது. இடமாற்றம் பெற்று அக்கரைப்பற்றுக்கோ திருகோணமலைக்கோ போய்விட்ட தாதிக்கு எப்படித் தயிர் அனுப்புவது? பெயர் தெரியாத பஸ் கொண்டக்டருக்கு? முப்பது வருசத்துக்கு முன்னால் கணக்குப் படிப்பித்த ரீச்சர் பிள்ளைகளோடு கொழும்பில் இருக்கிறார், அவருக்கு? எங்கள் கொடுக்கல் வாங்கல் வட்டத்துக்கு வெளியில் நின்று நமக்கு நல்லது செய்தவர்கள் இவர்கள். இவர்களுக்குத்தான் கடிதம் வேண்டும் என்பது என் எண்ணம்.

நாங்கள் எழுதாமல் போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதைச் சொல்லாமல் தாண்டினால் இந்தப் பக்கத்துக் கதை முழுமையாகாது. எண்பதுகளின் நடுவிலிருந்து 2009 வரை, போர்க் காலத்தில், இங்கே வாழ்ந்தவர்களுக்குக் காகிதத்தில் ஒரு பெயரை எழுதுவதே பயம். பெயர் எழுதிய துண்டு யாருடைய கையில் அகப்படும் என்பது உயிர்ப் பிரச்சினை. படங்களை எரித்தோம், கடிதங்களை எரித்தோம். அந்தக் காலத்தில் மனிதர்கள் மனிதர்களுக்குச் செய்த பெரிய உதவிகள் எல்லாம் அப்படிப்பட்டவை: ஓர் இரவு படுக்க இடம் கொடுத்தது, சோதனைச் சாவடியில் "இவன் என்ட தங்கச்சிட மகன்" என்று ஒரு பொய் சொன்னது, வேறு ஊர்க்காரர், வேறு மதத்துக்காரர் என்று பாராமல் வீட்டுக் கதவைத் திறந்தது. அவற்றுக்கு நன்றி எழுதுவதென்றால் உதவி செய்தவரையே காட்டிக் கொடுப்பதாக ஆகியிருக்கும். சிலவற்றை இன்றைக்கும் எழுத முடியாது என்றே நினைக்கிறேன். ஆனால் அந்தப் பழக்கம், எழுதினால் ஆபத்து என்ற பழக்கம், எழுதக்கூடிய காரியங்களுக்கும் பரவி எங்கள் கையில் தங்கிவிட்டது.

சரி, எழுத்தில் நாங்கள் நன்றி சொல்வதே இல்லையா என்றால், சொல்கிறோம், மொத்தமாக. செத்த வீட்டின் 31ஆம் நாளுக்கு அச்சடிக்கிற மலரின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள்: நேரில் வந்தும் தொலைபேசியிலும் அனுதாபம் தெரிவித்தோர், மலர்வளையம் வைத்தோர், பந்தல் போட்டோர் என எல்லோருக்கும் ஒரே பந்தியில் நன்றி. அதைவிட்டால் சேவைநலன் பாராட்டு விழா. பொன்னாடை, மாலை, கண்ணாடிச் சட்டம் போட்ட வாழ்த்துப்பா. நான் ஓய்வு பெற்றபோது எனக்கும் ஒன்று கிடைத்தது. கடமை, கண்ணியம், கட்டுப்பாடு எல்லாம் அதில் இருக்கின்றன. நான் மட்டும் இல்லை. பெயரை மாற்றினால் எனக்கு முதல் ஓய்வு பெற்றவருக்கும் பொருந்தும், அடுத்து ஓய்வு பெறப் போகிறவருக்கும் பொருந்தும். கொடுத்தவர்களின் அன்பைக் குறை சொல்லவில்லை, அதை மண்டபத்துச் சுவரில் ஆணி அடித்து மாட்டியும் வைத்திருக்கிறேன். ஆனால் அதை வாசித்து நான் என்னைப் பற்றி ஒன்றும் புதிதாக அறியவில்லை.

இங்கேதான் நான் சொல்ல வந்த விசயம் இருக்கிறது. தான் செய்ததில் எது மற்றவருக்கு உதவியது என்பது செய்தவருக்குப் பெரும்பாலும் தெரியாது. அவருக்கு அது வேலை, அல்லது பழக்கம், அல்லது அந்த நேரத்துக்குத் தோன்றிய ஒன்று. செய்துவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடுகிறார். அது எங்கே போய் முளைத்தது என்று தெரிந்த ஆள், பெற்றுக்கொண்டவர் ஒருவர்தான். அவர் சொல்லாவிட்டால் அந்தத் தகவல் உலகத்திலேயே இல்லாமல் போய்விடும். நன்றிக் கடிதம் அந்தத் தகவலைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

இதை எனக்குக் காட்டியவர் வவுணதீவுப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா. 2011 ஜனவரி வெள்ளம் இந்த மாவட்டத்துக்காரர் யாருக்கும் மறந்திருக்காது. வயல் எது, குளம் எது, வீதி எது என்று தெரியாமல் படுவான்கரை முழுக்கத் தண்ணீர். வெள்ளம் வடிந்த பிறகு நட்டஈட்டுப் படிவம் நிரப்ப வந்தவர்களின் வரிசையில் அவரும் நின்றார். படிவத்தை முடித்துக் கொடுத்ததும் எழும்பவில்லை.

"மகள், மறுகா ஒண்டு எழுதணும்."

இன்னொரு முறைப்பாடு என்று நினைத்துக்கொண்டு தாளை எடுத்தேன்.

"எங்கட மிட்வைஃப் மிஸ்ஸுக்கு. அவக்கு எண்டு எழுது."

சொல்லத் தொடங்கினார். மழை எந்தக் கிழமை பிடித்தது, மாட்டை எங்கே கட்டினார்கள், மருமகன் எந்த ஊருக்கு வேலைக்குப் போயிருந்தார் என்று எல்லாம் வந்தது. கந்தோர்ப் புத்தி எனக்கு. "அம்மா, இதெல்லாம் தேவையில்லை, சுருக்கமா எழுதுவம்" என்றேன். "இல்ல மகள், அவவுக்கு எந்த நாள் எண்டு விளங்கணுமே" என்றார். அவர் சொன்னதுதான் சரி. விசயம் இதுதான்: மகள் நிறைமாதம். வெள்ளம் வருவதற்கு முன்னால், மழை தூறிக்கொண்டிருந்த ஒரு பின்னேரம், மிட்வைஃப் வழமையான பார்வைக்கு வந்திருக்கிறார். மகளின் கணைக்காலைப் பெருவிரலால் அமத்திப் பார்த்திருக்கிறார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றிருக்கிறது. பிரஷர் பார்த்தார். பிறகு, திகதிக்கு இன்னும் நாள் இருக்கிறது, வெள்ளிக்கிழமை பார்த்துப் போகலாம் என்று வீட்டார் சொன்னதை அவர் கேட்கவில்லை. ஓட்டோவை வரச் சொல்லி, அது வரும் வரைக்கும் திண்ணையில் குந்திக்கொண்டிருந்து, ஏற்றிவிட்டுத்தான் போனார். பிறகு பாதை மூடிவிட்டது. பிள்ளை மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரியில் பிறந்தது, தாயும் சுகம்.

"அவ குந்திக்கொண்டு இருந்ததையும் எழுது. ஏத்திப்போட்டுத்தான் போனவ."

எழுதினேன். கடைசியில் அவர் பெருவிரல் அடையாளம் வைத்தார். பின்னொரு நாள் ஒரு கூட்டத்தில் அந்த மிட்வைஃபைச் சந்தித்தபோது கடிதம் கிடைத்ததா என்று கேட்டேன். கிடைத்திருக்கிறது. ஆனால் அவருக்கு அந்த வீட்டுக்குப் போனதே ஞாபகம் இல்லை. "அண்டைக்கு நாலு வீடு பாத்திருப்பன் மிஸ், கால் வீங்கின ஆக்களை எல்லாம் அனுப்பிவிடுறதுதானே" என்றார். வேலையை விட்டுவிடுவோமா என்று வீட்டில் கதைத்துக்கொண்டிருந்த காலம் அது என்றும் சொன்னார். கடிதம் வந்ததால்தான் விடவில்லை என்று அவர் சொல்லவில்லை, நானும் அப்படிச் சேர்த்துச் சொல்லப் போவதில்லை. ஆனால் அந்தக் கடிதத்தை, அடையாள அட்டையும் காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் வைக்கிற பொலித்தீன் பைக்குள் வைத்திருக்கிறாராம். கரையோரத்தில் இருக்கிறவர்களுக்கு இந்தப் பை எது என்று சொல்லத் தேவையில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு பல வீடுகளில் அது கதவடியில்தான் தொங்குகிறது. கடல் வந்தாலும் கலவரம் வந்தாலும் முதலில் தூக்குவது அதைத்தான்.

ஆசிரியர் தினம் வரும் ஒக்டோபர் 6 அன்று பேஸ்புக்கில் வருசா வருசம் ஒரு கடிதம் சுற்றும். பிரெஞ்சு எழுத்தாளர் அல்பேர் கமு, 1957இல் நோபல் பரிசு கிடைத்த கையோடு, நவம்பர் 19ஆம் திகதி தன் ஆரம்பப் பள்ளி ஆசிரியர் லூயி ஜெர்மேனுக்கு எழுதியது. கமுவின் தகப்பன் முதல் உலகப் போரில் இறந்தவர், தாய்க்கு எழுத வாசிக்கத் தெரியாது, வீட்டு வேலை செய்து பிழைத்தவர். பிள்ளையை வேலைக்கு அனுப்ப நினைத்த பாட்டியிடம் பேசி, புலமைப்பரிசில் பரீட்சைக்குக் காசு வாங்காமல் படிப்பித்து, பெரிய பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவைத்தவர் ஜெர்மேன். கமுவின் கடிதத்தைப் பகிர்கிறவர்கள் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது 1959இல் ஜெர்மேன் கமுவுக்கு எழுதிய கடிதம். அதில் அவர் ஒன்று சொல்கிறார்: அந்தப் பிள்ளையின் வீட்டு நிலைமை அப்போது தனக்குத் தெரிந்திருக்கவில்லையாம். பரீட்சைக்குப் பெயர் கொடுப்பது பற்றிப் பேசத் தாய் வந்தபோதுதான் ஓரளவு தென்பட்டதாம். வகுப்பில் கமு சந்தோசமான பிள்ளையாக இருந்ததால், அவர் ஒன்றையும் ஊகிக்கவில்லை. ஒரு குடும்பத்தின் தலையெழுத்தை மாற்றிய மனிதருக்கே தான் எதை மாற்றினோம் என்று முழுதாகத் தெரிந்திருக்கவில்லை. எங்கள் மிட்வைஃப் மிஸ்ஸுக்குத் தெரியாமல் போனதில் என்ன புதுமை?

இதைப் பற்றி ஆராய்ச்சியும் செய்திருக்கிறார்கள். அமித் குமார், நிக்கலஸ் எப்லி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2018இல் வெளியிட்டது எனக்குப் பிடித்தது, ஏனென்றால் அவர்கள் கடிதம் வாங்கியவர்களிடமும் போய்க் கேட்டார்கள். நன்றிக் கடிதம் எழுதச் சொல்லி, வாங்குபவர் எவ்வளவு ஆச்சரியப்படுவார், எவ்வளவு சந்தோசப்படுவார், எவ்வளவு கூச்சப்படுவார் என்று எழுதியவர்களை ஊகிக்கச் சொன்னார்கள். பிறகு வாங்கியவர்களிடம் அதையே கேட்டார்கள். எழுதியவர்கள் நினைத்ததைவிட ஆச்சரியமும் சந்தோசமும் கூடுதலாக இருந்தன, கூச்சம் குறைவாக இருந்தது. எழுதுகிறவர் "எனக்குச் சரியா எழுத வராதே" என்று சொற்களைப் பற்றிக் கவலைப்படுகிறார். வாங்குகிறவர் அதைப் பார்ப்பதே இல்லை, அன்பைத்தான் பார்க்கிறார்.

இன்னொன்று 2005இல் மார்ட்டின் செலிக்மனும் கூட்டாளிகளும் செய்தது. ஒழுங்காக நன்றி சொல்லப்படாத ஒருவருக்குக் கடிதம் எழுதி, நேரில் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார்கள். எழுதியவர்களின் மகிழ்ச்சி நன்றாகக் கூடியது, ஒரு மாதம் வரைக்கும் அது தெரிந்தது, பிறகு மங்கிவிட்டது. இதை வைத்துக்கொண்டு, நன்றிக் கடிதம் எழுதினால் உங்கள் மனம் லேசாகும், நித்திரை வரும் என்று மருந்து விளம்பரம் மாதிரி எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பேச்சு எனக்கு அவ்வளவு பிடிப்பதில்லை. என் மனம் லேசாவதற்காக இன்னொருவருக்கு நன்றி சொல்வது என்னவோ கோயிலுக்குப் போய் எடை பார்த்துவிட்டு வருவது போல் இருக்கிறது. நடக்கிறதென்றால் நடக்கட்டும், அவ்வளவுதான்.

கந்தோர் அனுபவத்தில் சில விசயங்களை நான் கண்டிருக்கிறேன், எழுத நினைக்கிறவர்களுக்கு உதவக்கூடும். பேனை கையில் வந்ததும் எங்கள் சனம் அரசாங்கமாக மாறிவிடுகிறது. "தாங்கள் ஆற்றிய அளப்பரிய சேவையை மேலான கவனத்துக்குக் கொண்டு வருவதில்..." இது யாருக்கும் யாரும் எழுதலாம். அந்த அம்மா சொன்ன பெருவிரல், ஓட்டோ, திண்ணை, இவைதான் கடிதம். நாள் எது, இடம் எது, அவர் செய்தது என்ன, அதனால் பிறகு என்ன நடந்தது. இந்தக் கடைசிப் பகுதியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள், அதுதான் வாங்குகிறவருக்குத் தெரியாத பகுதி. அந்தப் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறது என்று எழுதுங்கள்.

இரண்டாவது, வாலில் வேண்டுகோள் வைக்காதீர்கள். நன்றியில் தொடங்கி "அத்துடன் எனது மகனின் இடமாற்றம் தொடர்பாக..." என்று முடிகிற கடிதங்களை ஏராளமாகப் பார்த்திருக்கிறேன். எங்கள் பிரதம லிகிதர் நன்றிக் கடிதம் என்று யாராவது சொன்னால் நேரே கடைசிப் பந்தியைத்தான் முதலில் வாசிப்பார். அதேபோல உங்கள் காரியம் இன்னும் ஒருவரின் மேசையில் கிடக்கும்போது அவருக்கு நன்றி எழுதாதீர்கள். அதற்குப் பெயர் வேறு. எல்லாம் முடிந்து, இனி அவரிடம் உங்களுக்கு ஒன்றும் ஆக வேண்டியதில்லை என்ற பிறகு எழுதுகிற கடிதத்துக்குத்தான் மதிப்பு.

அரச உத்தியோகத்தர், தாதி, ஆசிரியர் என்றால் அவருக்கே எழுதிவிட்டு, கீழே "பிரதி" என்று போட்டு அவருடைய மேலதிகாரிக்கும் ஒன்று அனுப்புங்கள். முறைப்பாட்டுக்கு நாங்கள் எல்லோருக்கும் பிரதி போடுகிறோமே, ஜனாதிபதி வரைக்கும். நல்லதுக்கும் போட்டால் என்ன? கூட்டி அள்ளுகிற ஆட்கள், காவலாளி, அம்புலன்ஸ் சாரதி, இவர்களுக்கு வருகிற பிரதியை மேலதிகாரிகள் கவனிப்பதை நான் கண்டிருக்கிறேன், அப்படி ஒன்று வருவதே அபூர்வம் என்பதால்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இளந்தாரி ஒருவன் வார்ட்டில் பார்த்த தாதிக்கு நன்றிக் கடிதம் எழுதினால் ஊர் அதை நன்றியாக வாசிக்காது. அந்தப் பிள்ளைக்குத்தான் தலையிடி. தாயையோ மனைவியையோ சேர்த்து ஒப்பம் வைக்கச் சொல்லுங்கள். இது பிற்போக்கு என்று யாராவது சொன்னால் சொல்லட்டும், கடிதம் வாங்குகிறவரின் நிம்மதி முக்கியம்.

வட்ஸ்அப்பில் சொன்னால் போதாதா என்று என் மகன் கேட்கிறான். ஒன்றும் சொல்லாமல் விடுவதைவிட அது நல்லது. ஆனால் கும்பிடுகிற கைப் படம் மூன்றைத் தட்டிவிடுவதற்கும் ஒரு சம்பவத்தை எழுதுவதற்கும் நேரத்தில் மட்டும் வித்தியாசம் இல்லை. போன் மாறினால், கடலில் விழுந்தால், எல்லாம் போயிற்று. பொலித்தீன் பைக்குள் போனை வைத்துவிட்டுப் போகவும் முடியாது. முத்திரை 2022இல் 15 ரூபாவிலிருந்து 50 ரூபாவாக ஏறியது என்று எல்லோரும் பேசினார்கள். உண்மைதான், ஏறியது பெரிய ஏற்றம். இருந்தாலும் கடிதம் எழுதாததற்கு முத்திரை விலையைக் காரணம் சொல்கிறவர் 15 ரூபாவாக இருந்தபோதும் எழுதியிருக்க மாட்டார்.

முகவரி தெரியாதே என்பது இன்னொரு சாட்டு. எங்கள் ஊர்களில் முகவரியே ஒரு விவரணைதானே. குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கு வாவியைக் கடக்கிற பாதையில், அதாவது வாகனமும் ஆளும் ஏற்றுகிற அந்த மிதவையில், வேலை செய்த ஒருவருக்குப் படகுத்துறையின் பெயரையும் அவருடைய வேலையையும் மட்டும் எழுதி அனுப்பினேன். என் அப்பாவைச் சக்கர நாற்காலியோடு மண்டூர்க் கந்தசுவாமி கோயிலுக்குக் கொண்டுபோனபோது, மோட்டார் சைக்கிள்களை எல்லாம் நகர்த்தி இடம் பண்ணித் தந்தவர் அவர். கடிதம் போய்ச் சேர்ந்தது. தபாற்காரருக்கு அவரை எப்படியும் தெரியும்.

எங்களூரில் கடிதம் போய்ச் சேரும்போது என்ன நடக்கும் என்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டும். கடிதம் என்றால் வங்கி, நீதிமன்றம், இல்லாவிட்டால் மின்சாரச் சிவப்புப் பில். என் அப்பாவுக்கு நீரிழிவு, ஊசி போட வேண்டும். 2022 பொருளாதார நெருக்கடி நேரம் மருந்துத் தட்டுப்பாடு ஒரு பக்கம், மின்வெட்டு மறுபக்கம். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் இல்லை. திறக்காத இன்சுலின் 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் இருக்க வேண்டிய சாமான். நாங்கள் வாங்குகிற பாமசி காத்தான்குடியில். அதன் முதலாளி, மீன் ஏற்றுகிறவர்களிடம் ஐஸ் வாங்கி, ரெஜிபோம் பெட்டியில் போட்டு, ஐஸ் மருந்தில் முட்டாமல் நடுவில் துணி மடித்து வைத்து, வெப்பமானியையும் உள்ளே போட்டு, இரவில் எழும்பிப் பார்த்திருக்கிறார். உறைந்தாலும் இன்சுலின் பழுது, சூடானாலும் பழுது. இதை அவர் எங்களிடம் சொல்லவே இல்லை. கடைப் பெடியன் ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னதுதான். விலையும் கூட்டவில்லை.

அப்பாவின் சீனி அந்த மாதங்களில் ஒழுங்காக இருந்தது என்பதையும், கிளினிக் கொப்பியில் எழுதியிருந்த இலக்கங்களையும் சேர்த்து ஒரு கடிதம் எழுதித் தபாலில் போட்டேன். கிடைத்ததும் போன் வந்தது.

"தங்கச்சி, கடிதத்தக் கண்ட உடன கோட்டு நோட்டீசு எண்டுதான் நினச்சன். மகன்ட கையில குடுத்து வாசிக்கச் சொல்லிப்போட்டு நான் அங்கால போய் நிண்டன்."

"என்ன காக்கா, பயந்திட்டீங்களா?" (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே காக்கா என்போம்.)

"பயப்படாம? மறுகா அவன் வாசிக்க வாசிக்க... அது என்ட யாவாரம்தானே தங்கச்சி, அதுக்கு ஒரு கடிதமா?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அந்தக் கிளினிக் இலக்கங்கள் சரிதானா, இப்போது எவ்வளவு என்று கேட்டார். ஐஸ் பெட்டிக்குள் வைத்த மருந்து வேலை செய்ததா என்பது அவருக்கு அன்றுவரைக்கும் உறுதியாகத் தெரியாதாம். கெட்டுப்போன மருந்தை ஆட்களுக்குக் கொடுத்துவிட்டேனோ என்று பயந்து பயந்துதான் வித்திருக்கிறார்.

அந்த நோன்புப் பெருநாளுக்கு அவர் மகன் பெரிய ஏதனம் நிறைய வட்டிலப்பம் கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனான். வெறும் ஏதனத்தைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று அம்மா அதற்குள் புது அரிசியைக் கட்டிக் கொடுத்துவிட்டார். பிறகு அங்கிருந்து பேரீச்சம்பழம் வந்தது, எங்கள் வீட்டுச் சித்திரைப் பலகாரம் அங்கே போனது, அவருடைய மகளின் கலியாணத்துக்கு நாங்கள் குடும்பமாகப் போய் வந்தோம். ஆக இப்போது அவரும் எங்கள் தயிர் முட்டி வட்டத்துக்குள் வந்துவிட்டார். போன மாதம் அப்பாவுக்கு இரவில் திடீரென்று வருத்தம் கூடியபோது அவர்தான் காரோடு வந்து நின்றார். அதற்கு நான் கடிதம் எழுதப் பேனை எடுத்தால், என்னைப் பிறத்தியாளாக்கிப் போட்டாயா என்று அவரும் கேட்பார் என்பது நிச்சயம். அம்மா இறால் வாங்கி வைத்திருக்கிறார், யாரிடம் கொடுத்து அனுப்புவது என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம்.